முந்நூறு அழைப்புகளும் ஒரகடத்து அண்ணனும்

கேள்வி:

மேடம், எனக்கு வயது 43. அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் 17 வருஷமாக இருக்கிறேன். டிப்ளமோ படிப்பு, தமிழ் மீடியம். என்ஜின் பாகங்களுக்கு ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது. போன மாதம் ஒரு லைனை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது நாங்கள்தான் என்று பேசிக்கொள்கிறோம்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் லிங்க்ட்இன்னில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் சுமார் 300 பேருக்கு அழைப்பு அனுப்பினேன். முக்கால்வாசிப் பேர் ஏற்கவே இல்லை. ஏற்றவர்களுக்கு "குட் மார்னிங் சார், எனி வேகன்சி சார்" என்று போட்டேன். இரண்டு பேர் ரெஸ்யூம் அனுப்பச் சொன்னார்கள், அதோடு சரி. முகம் தெரியாதவர்களிடம் கையேந்துவது போல இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர், பெரிய கார் கம்பெனியில் வேலை இருக்கிறது, பதிவுக் கட்டணம் 3,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்.

எங்கள் டூல் ரூமில் எனக்கு சீனியராக இருந்த ஒருத்தர் இப்போது ஒரகடத்தில் நல்ல இடத்தில் இருக்கிறார். பட்டாபிராமிலிருந்து பட்டரவாக்கம் வரை தினமும் ஒரே பெட்டியில் வந்தவர்கள் நாங்கள். ஆனால் பேசி நாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போது போய் வேலைக்காகப் பேசினால் நன்றாக இருக்காது. எனக்கு ஆள் பழக்கம் கிடையாது, ஆங்கிலமும் தகராறு. இந்த ஆன்லைன் சமாசாரமெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு உதவுமா?

பின்குறிப்பு: லிங்க்ட்இன் போட்டோவுக்கு டை கட்ட வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பட்டாபிராம்

பதில்:

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இன்னொரு வரியோடு சண்டை போடுகிறது. "எனக்கு ஆள் பழக்கம் கிடையாது" என்கிறீர்கள். அதற்குச் சற்று மேலேயே, தினமும் உங்களோடு ரயிலேறிய டூல் ரூம் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். முன்பின் தெரியாத 300 பேரின் கதவைத் தட்டிய நீங்கள், தெரிந்த ஒரே கதவை மட்டும் "நன்றாக இருக்காது" என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

நான் 22 வருஷம் கிண்டியிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் தொழிற்சாலைகளுக்கு ஆளெடுக்கும் வேலையில் இருந்தவள். குவாலிட்டிக்கு நான் எடுத்த நல்ல ஆட்களில் பெரும்பாலோர், யாரோ ஒருவர் "இவரை ஒரு தடவை பாருங்க மேடம்" என்று சொல்லி வந்தவர்கள்தாம். சொன்னவர் பெரும்பாலும் நெருங்கிய சொந்தமோ உயிர் நண்பரோ இல்லை. முன்பு எங்கோ ஒன்றாக வேலை பார்த்தவர், ஆடிட்டுக்கு வந்து போனவர், இப்படித்தான் இருப்பார்.

இதை ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் வெளியிட்ட கட்டுரை அது. பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலமாக வேலை மாறியவர்களைத் தேடிப் பிடித்து, "அந்தத் தெரிந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். வாரம் இரண்டு தடவையாவது பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 சதவீதம். வருஷத்துக்கு ஒரு முறை, அல்லது அதுவும் கிடையாது என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. உங்கள் லைனில் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதது தெரிந்தவர், உங்களைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனவர்தான். ஒரகடம் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

லிங்க்ட்இன்னிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று அது சில முகங்களைக் காட்டுகிறதல்லவா, அதில் யாருக்கு எந்த மாதிரி ஆளைக் காட்டுவது என்பதை ஐந்து ஆண்டுகள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பயனர்களிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2022-ல் சயன்ஸ் இதழில் வந்தது. ரொம்ப நெருக்கமும் இல்லாமல் முழு அந்நியமும் இல்லாமல் நடுவில் இருக்கிற பழக்கம்தான் வேலை மாற அதிகம் உதவியது என்பது ஒன்று. இன்னொன்று உங்களுக்கு முக்கியம்: கணினி சார்ந்த வேலை அதிகமுள்ள துறைகளில் தூரத்துப் பழக்கம் கைகொடுத்தது, அப்படி இல்லாத துறைகளில் நெருங்கிய பழக்கமே கைகொடுத்தது. ஆகவே தரமணி டைடல் பார்க்கில் உட்காரும் பையனுக்குச் சொல்கிற யோசனையை அப்படியே தூக்கி அம்பத்தூர்காரரிடம் கொடுக்கக் கூடாது. முகம் தெரியாத 300 பேர் என்ற வழி அந்தப் பையனுக்கு ஓரளவு பலிக்கலாம். உங்களுக்கு முதலில் பலிக்கப்போவது ரயில் பெட்டிதான். லிங்க்ட்இன்னும் வாட்ஸ்அப்பும், அந்தப் பெட்டியில் வந்தவர்கள் இப்போது எங்கே இறங்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க உதவும் கருவிகள். நீங்கள் அவற்றை லாட்டரிச் சீட்டுப் போலப் பயன்படுத்திவிட்டீர்கள்.

இப்போது "நன்றாக இருக்காது" என்பதற்கு வருகிறேன். நாலு வருஷம் பேசாமல் இருந்தது நீங்கள் மட்டும் இல்லை, அவரும்தான். அவர் மனசிலும் "நாமும் ஒரு போன் போடவில்லையே" என்று இருக்கும். இன்னொரு சங்கதியும் சொல்கிறேன். பல கம்பெனிகளில், தெரிந்த ஆளைப் பரிந்துரைத்து அவர் வேலைக்குச் சேர்ந்து சில மாதம் நிலைத்தால், பரிந்துரைத்த ஊழியருக்கு ஒரு தொகை தருகிறார்கள். ஏஜென்சிக்குக் கொடுக்கும் பணத்தோடு பார்த்தால் கம்பெனிக்கு அது லாபம். நல்ல குவாலிட்டி ஆள் கிடைக்காமல் நாங்கள் தவித்த நாட்களில், லைனில் நிற்பவர்களிடமே போய் "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறேன். இதில் யார் யாரிடம் கையேந்தியது?

உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது, கொஞ்சம் கசப்பானது. பெரிய கம்பெனிகளின் ஆன்லைன் விண்ணப்பத்தில் "பி.இ. கட்டாயம்" என்று ஒரு சல்லடை வைத்திருப்பார்கள். டிப்ளமோ என்று நீங்கள் தட்டிய நிமிஷமே அந்த விண்ணப்பம் கீழே போய்விடும். உங்கள் 17 வருஷத்தை மனிதக் கண் பார்க்கவே பார்க்காது. அந்தச் சல்லடையைத் தாண்டிக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க உள்ளே ஓர் ஆள் வேண்டும். அதனால்தான் நான் இந்த ஒரகடத்து அண்ணனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். தமிழிலேயே, நீங்கள் பேசுகிற மாதிரியே. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அண்ணா, வணக்கம். பட்டாபிராம் காலை வண்டி ஞாபகம் இருக்கா? நாலு வருஷமா பேசாம இருந்துட்டேன், மன்னிச்சுக்குங்க. இங்க ஆர்டர் குறைஞ்சுட்டே வருது, நான் வேற இடம் பார்க்கலாம்னு இருக்கேன். உங்க பக்கம் குவாலிட்டில இப்ப எந்த மாதிரி ஆளுங்களை எடுக்கறாங்க, நான் எதைக் கத்துக்கிட்டா சரியா இருக்கும்னு உங்ககிட்ட கேக்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் போன் பண்ணலாமாண்ணா? அன்னைக்குத் தோதுப்படலைன்னா நீங்களே ஒரு நேரம் சொல்லுங்க."

இதில் "வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று எங்கும் இல்லை, கவனித்தீர்களா? அப்படிக் கேட்டால் அவரால் இரண்டே பதில்தான் சொல்ல முடியும்: "இருக்கு" அல்லது "இல்லை". இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, பதிலே போடாமல் விட்டுவிடுவார். "எந்த மாதிரி ஆளை எடுக்கிறார்கள்?" என்று கேட்டால் யாராலும் பத்து நிமிஷம் பேச முடியும். பேச்சு முடியும்போது பெரும்பாலும் அவரே "ரெஸ்யூமை அனுப்பி வை, பார்க்கறேன்" என்பார். சொல்லாவிட்டாலும், அங்கே என்ன மெஷின், என்ன வேலை, யார் மேனேஜர் என்பது உங்கள் கையில் வந்திருக்கும். மன்னிப்பையும் ஒரே தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று தடவை கேட்டால் அவர்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். நீல டிக் விழுந்ததா என்று மணிக்கொரு தரம் பார்க்காதீர்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருப்பார், மாமனார் ஆஸ்பத்திரியில் இருப்பார், நமக்கு என்ன தெரியும்?

அவர் உதவினால், நடந்ததை அவருக்குத் திரும்பச் சொல்லுங்கள். இன்டர்வியூ நடந்தது, கிடைத்தது, கிடைக்கவில்லை, எதுவானாலும். என்னிடம் ஆள் அனுப்பிய பலர், "அந்தப் பையன் என்ன ஆனான்னு எனக்கே தெரியல மேடம், ஒரு வார்த்தை சொல்லல" என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். அடுத்த ஆளை அனுப்ப அவர்களுக்கு மனசு வராமல் போவது இதனால்தான்.

ஒரகடத்து அண்ணன் ஒருவர். மற்றவர்கள்? ஒரு நோட்டை எடுத்து, இந்த 17 வருஷத்தில் வேலை சம்பந்தமாக உங்களோடு பேசியவர்களை எழுதுங்கள். கூட வேலை செய்தவர்கள் யார் யார் எங்கே போனார்கள் என்பதை எல்லாரும் எழுதுவார்கள். குவாலிட்டிக்காரருக்கு அதற்கு மேலும் ஒரு வட்டம் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆடிட்டுக்கு வந்து உங்கள் மேல் எரிந்து விழுந்த கஸ்டமர் கம்பெனியின் சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர் இருக்கிறாரே, அவருக்கு உங்கள் வேலை உங்கள் மேனேஜரைவிட நன்றாகத் தெரியும். ஒரு கம்ப்ளைன்ட் வந்தபோது நீங்கள் மழுப்பினீர்களா, உண்மையான காரணத்தைத் தோண்டி எடுத்து 8டி ரிப்போர்ட் (குறையின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படியாக எழுதும் அறிக்கை) கொடுத்தீர்களா என்று பார்த்தவர் அவர். அவர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கலாம். லிங்க்ட்இன்னில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் அளவு பார்க்கும் கேஜ் விற்க வருபவர், அளவுக் கருவிகளைச் சரிபார்த்துத் தரும் காலிபரேஷன் லேப்காரர், பாகங்களைத் துல்லியமாக அளக்கும் சிஎம்எம் மெஷின் சர்வீஸுக்கு வரும் இன்ஜினியர். இவர்களை நான் நடமாடும் செய்தித்தாள் என்பேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மறைமலைநகர் வரைக்கும் எந்த பிளான்டில் புதிதாக மெஷின் இறங்குகிறது, எங்கே ஆள் போதவில்லை என்று இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மெஷின் இறங்கிய இடத்தில் அடுத்த சில மாதத்தில் ஆள் எடுத்தே ஆக வேண்டும். விளம்பரம் வரும்போது பாதி நாற்காலி நிரம்பியிருக்கும்.

பாலிடெக்னிக் பேட்ச் வாட்ஸ்அப் குரூப் ஒன்றும் உங்களிடம் நிச்சயம் இருக்கும். குட் மார்னிங் பிள்ளையாரும் பிறந்தநாள் கேக்குமாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த குரூப்பில் "எனக்கு வேலை வேண்டும்" என்று பொதுவாகப் போடாதீர்கள். பத்துப் பேர் கும்பிடும் கை போடுவார்கள், ஒருவரும் அசைய மாட்டார்கள். உங்கள் இப்போதைய கம்பெனியில் யாருக்காவது அது ஸ்கிரீன்ஷாட்டாகப் போய்ச் சேரும். யார் எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு, மூன்று நான்கு பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள்.

ரகசியம் என்றதும் ஒரு பழைய தவறு நினைவுக்கு வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட ரெஸ்யூமில் இருந்த லேண்ட்லைனுக்குப் போன் போட்டேன். அது அவருடைய ஆபீஸ் நம்பர். எடுத்தவர் அவருடைய மேலாளர். நான் கம்பெனி பெயரோடு விவரத்தைச் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் அதற்கப்புறம் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. இன்றைக்கு அதே வேலையைச் செய்ய லிங்க்ட்இன் இருக்கிறது. "வேலை தேடுகிறேன்" என்ற அடையாளத்தை எல்லோருக்கும் தெரிகிற பச்சை வளையமாகவும் போடலாம், ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். நீங்கள் இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தாலும் உங்கள் சொந்தக் கம்பெனிக்காரர் கண்ணில் படவே படாது என்று லிங்க்ட்இன்னே உறுதி தருவதில்லை. விவரங்களை மாற்றும் முன், செட்டிங்ஸில் போய், மாற்றங்களை மற்றவர்களுக்கு அறிவிக்கும் வசதியை மகளிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ராத்திரியில் பத்துத் திருத்தம் செய்தவர் ஏதோ திட்டத்தில் இருக்கிறார் என்று ஆபீஸில் பேச்சு கிளம்பும்.

அந்த 300 அழைப்புகள்? ஏற்கப்படாமல் கிடப்பவற்றைத் திரும்பப் பெறுங்கள். அனுப்பிய அழைப்புகள் என்ற பட்டியலில் அதற்கு வழி இருக்கிறது. வாரத்துக்கு இவ்வளவு அழைப்புதான் என்று லிங்க்ட்இன் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஏற்கப்படாதவை குவிந்து கிடந்தால் கணக்குக்கு நல்லதல்ல. ஆனால் ஒருவருக்கு அனுப்பியதைத் திரும்பப் பெற்றால், அவருக்கே மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு நிஜமாகவே வேண்டியவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தால் அவர்களை மட்டும் விட்டுவையுங்கள்.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் 220 எழுத்துகள் வரை எழுதலாம். பிள்ளைகள் எழுதித் தந்தால் பெரும்பாலும் அங்கே கடின உழைப்பாளி, அர்ப்பணிப்பு உள்ளவர் என்று இருக்கும். அப்படி எழுதாதவர் யார்? ஆளெடுப்பவர் தேடல் பெட்டியில் "அர்ப்பணிப்பு" என்று தட்டுவதில்லை. பிபிஏபி (புதுப் பாகத்துக்குக் கஸ்டமரிடம் ஒப்புதல் வாங்கும் முறை) என்று தட்டுவார், எம்எஸ்ஏ (அளவெடுப்பது நம்பகமானதா என்று பார்க்கும் ஆய்வு) என்று தட்டுவார், அலுமினியம் காஸ்டிங் என்று தட்டுவார். நீங்கள் கையால் செய்த வேலைகளின் பெயர்களை அப்படியே வரிசையாக எழுதுங்கள். இன்டர்னல் ஆடிட்டர் சான்றிதழ் இருந்தால் அதையும். ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் ரெஸ்யூமில் இன்னும் டிஎஸ் 16949 என்ற பழைய வாகனத் துறைத் தரநிர்ணயம் இருந்தால் உடனே திருத்துங்கள். அதன் இடத்தில் ஐஏடிஎஃப் 16949 வந்தது 2016 அக்டோபரில். பழைய சான்றிதழ்கள் 2018 செப்டம்பரோடு முடிந்துபோயின. பழைய பெயரைப் பார்த்தால் நான் என்ன நினைப்பேன்? இந்த ஆள் ரெஸ்யூமைப் பல வருஷமாகத் தொடவில்லை, அல்லது தரநிர்ணயம் மாறியதே தெரியாது. குவாலிட்டிக்காரருக்கு இரண்டும் அழகல்ல.

அனுபவம் பகுதியில் ஒரே ஒரு கதையை நன்றாகச் சொல்லுங்கள். எந்த ரிஜெக்ஷன் (தரமில்லை என்று ஒதுக்கப்பட்ட பாகங்கள்) உங்களைத் தூங்கவிடாமல் செய்தது, காரணம் எங்கே ஒளிந்திருந்தது, எதை மாற்றினீர்கள், பிறகு எவ்வளவு குறைந்தது. இன்டர்வியூவிலும் இதைத்தான் கேட்பார்கள். ஆனால் கஸ்டமர் பெயர், டிராயிங், பாகத்தின் போட்டோ எதையும் ஏற்றாதீர்கள். லைனில் நின்று கையில் பாகத்தோடு எடுத்த செல்ஃபிகூட வேண்டாம். அந்த டிராயிங் கஸ்டமருடைய சொத்து. அதை வெளியே போட்ட குவாலிட்டி ஆளை நான் எடுக்க மாட்டேன். நாளைக்கு எங்கள் டிராயிங்கையும் போடுவார் அல்லவா?

இனி "குட் மார்னிங் சார்". கோபித்துக்கொள்ளாதீர்கள், சென்னையில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். வணக்கம் போட்டுவிட்டு, எதிராளி பதில் வணக்கம் போடும்வரை விஷயத்தைச் சொல்லாமல் காத்திருப்பார்கள். நேரில் அது மரியாதை. போனில் எதிராளிக்கு அது ஒரு மணிச் சத்தம் மட்டுமே. வேலையை விட்டுவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. வணக்கமும் விஷயமும் ஒரே செய்தியில் வரட்டும். முன்பின் தெரியாதவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள், சொல்லாமல் போன் போடாதீர்கள்.

தெரியாதவருக்கு எழுதவே கூடாதா? எழுதலாம். வாரத்துக்கு இரண்டு பேர் போதும். உங்களைப் போலவே ஆரம்பித்து, நீங்கள் போக நினைக்கும் இடத்துக்குப் போய்விட்டவர்களாகப் பாருங்கள். அவர்கள் பக்கத்தைப் படித்துவிட்டு, அவர்களால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற ஒரு கேள்வி கேளுங்கள். உதாரணத்துக்கு: "வணக்கம் சார். அம்பத்தூரில் என்ஜின் பாக மெஷினிங்கில் குவாலிட்டி பார்க்கிறேன். நீங்கள் என்ஜின் பக்கமிருந்து மோட்டார் ஹவுசிங் பக்கம் மாறியதைப் பார்த்தேன். மாறும்போது அளவெடுக்கும் முறையில் புதிதாக எதைக் கற்க வேண்டியிருந்தது? ஒரு வரியில் சொன்னாலும் போதும்." இலவசக் கணக்கில் அழைப்போடு சேர்த்து எழுதும் குறிப்புக்கு இடமும் குறைவு, மாதத்துக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கையும் குறைவு. அதனால் அதை வீணாக்காமல் இந்த மாதிரி ஆட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால் நன்றி சொல்லி, அவர் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு ஒரு மாதம் கழித்து அதையும் எழுதுங்கள். இரண்டாவது செய்தியில்தான் பழக்கம் ஆரம்பிக்கிறது.

ஆங்கிலம். தமிழருக்குத் தமிழில் எழுதுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். மேலே சொன்ன மாதிரி ஆட்களில் தமிழ் தெரியாதவர் இருந்தாலோ, எச்ஆருக்கு மெயில் போட வேண்டியிருந்தாலோ ஆங்கிலம் வேண்டும்தான். இப்போது எல்லோரும் சாட்ஜிபிடியிடம் போய் "வேலை கேட்டு ஒரு கடிதம் எழுது" என்கிறார்கள். அது எழுதித் தரும் கடிதம் எங்களுக்கு மனப்பாடம். "இந்த மடல் தங்களை நலமுடன் வந்தடையும் என நம்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கும், நடுவில் பெரிய பெரிய சொற்கள் ஊர்வலம் போகும், பத்துப் பேர் அனுப்பினால் பத்தும் ஒன்றாக இருக்கும். நீங்கள் வேறு மாதிரி செய்யுங்கள். சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் ஐந்து வரியில் எழுதுங்கள். அதை எளிய ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள். வந்ததை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கில் தடுக்கும் சொல்லை எடுத்துவிட்டு நீங்கள் அன்றாடம் லைனில் சொல்லும் சொல்லைப் போடுங்கள். மெயிலில் ஷேக்ஸ்பியர் மாதிரி எழுதிவிட்டு இன்டர்வியூவில் திணறுவதைவிட, இரண்டு இடத்திலும் ஒரே ஆளாக இருப்பது நல்லது. குவாலிட்டி ஆளிடம் நாங்கள் இலக்கணம் பார்ப்பதில்லை. எண்ணைச் சரியாகச் சொல்கிறாரா என்று பார்ப்போம்.

மெயிலைப் பற்றிச் சுருக்கமாக: உங்கள் பெயர் மட்டுமே உள்ள முகவரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தலைவர் பட டைட்டில் சேர்ந்த முகவரியெல்லாம் பார்த்துவிட்டேன். பொருள் வரியில் எந்த வேலை, எத்தனை வருஷ அனுபவம் என்பது இருக்கட்டும். ரெஸ்யூம் ஃபைலுக்கு உங்கள் பெயரை வையுங்கள், "ஃபைனல் 3" என்று வைக்காதீர்கள். ஜிமெயிலில் அனுப்பியதை ரத்துசெய்ய 30 விநாடி வரை அவகாசம் வைத்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் அதை 30-க்கு மாற்றிவிடுங்கள். ஃபைலை இணைக்க மறந்தது அனுப்பு என்பதை அழுத்திய மறு விநாடிதான் ஞாபகம் வரும், எனக்கும்.

வீடியோ இன்டர்வியூ வந்தால், முந்தின நாளே மகளோடு ஒரு தடவை ஒத்திகை பாருங்கள். கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும். போனைப் பாடப் புத்தகங்களின் அடுக்கில் சாய்த்து வைத்தாலே போதும். மகளுடைய கணக்கில் நுழைந்தால் திரையில் அவள் பெயர் வரும். ஒரு தடவை என் எதிரே நாற்பது வயதுக்காரர் ஒருவர் "பிரியா 9-ஏ" என்ற பெயரில் தோன்றினார். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பின் மிச்சம். இருவரும் சிரித்துவிட்டோம், அவருக்கு அதற்கப்புறம் பதற்றம் போய்விட்டது. எல்லோருக்கும் அப்படி நல்லபடியாக முடியும் என்று நம்ப வேண்டாம், பெயரை மாற்றிவிடுங்கள்.

பதிவுக் கட்டணம் கேட்டவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வேலை கொடுப்பவர் வேலைக்கு வருபவரிடம் பணம் வாங்குவதில்லை. பதிவு, பயிற்சி, லேப்டாப் டெபாசிட், மெடிக்கல் செக்கப், எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஏமாற்று. ஆதார், பான், வங்கி விவரம் ஏதாவது அனுப்பிவிட்டீர்களா? பணம் ஏதாவது போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. அந்த ஆளின் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனசில் இருக்கும். வாரக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள், மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே ஆரம்பித்தது நல்லது. உங்கள் லைனை நிறுத்திய பிறகு அந்த அண்ணனுக்கு எழுதினால் குரல் வேறு மாதிரி இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.

டை வேண்டாம். அம்பத்தூரில் டை கட்டிக்கொண்டு ரிஜெக்ஷன் பார்த்த யாரையும் நான் சந்தித்ததில்லை. வேலைக்குப் போட்டுப் போகும் சட்டை ஒன்றை, லோகோ இல்லாததாகப் பார்த்து, தேய்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் ஜன்னலைப் பார்த்து நின்று, மகளை எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் காலண்டர் தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.